குளத்துக் கணக்கும் கடல் கணக்கும்
மீன் தொழிலில் முடிவெடுக்க உதவும் கருவிகள் பற்றி வணிகர்கள் அறிய வேண்டியவை

மளிகைக் கடைக்காரருக்கும் இறால் பண்ணைக்கும் என்ன சம்பந்தம் என்று நம் உறுப்பினர்கள் சிலர் கேட்கலாம். சம்பந்தம் நம் பேரேட்டிலேயே இருக்கிறது. கடலோர மாவட்டங்களில் இறால் வளர்ப்பவர் தீவனத்தைக் கடனுக்கு எடுத்துக்கொண்டு, பிடிப்பு முடிந்த பிறகுதான் பணம் தீர்க்கிறார். படகில் போகிறவரின் குடும்பம் மாதச் சாமானைப் பற்று எழுதி வாங்கி, மீன்பாடு நன்றாக உள்ள மாதத்தில் கொடுக்கிறது. உள்நாட்டில் கெண்டை வளர்ப்பவர் தவிடும் கடலைப் புண்ணாக்கும் நம்மிடம்தான் எடுக்கிறார். கருவாடு வியாபாரம் செய்வோர் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, நம் முதலில் ஒரு பங்கு எப்போதும் தண்ணீருக்குள் கிடக்கிறது.

கிடங்கில் உள்ள சரக்கு என்றால் மூட்டையை எண்ணிப் பார்த்து விடலாம். குளத்தில் எத்தனை இறால் உயிரோடு இருக்கிறது, கடலில் எவ்வளவு மத்தி இருக்கிறது என்று யாரும் எண்ண முடியாது. கண்ணுக்குத் தெரியாத இருப்பை மதிப்பிட்டு, அடுத்து என்ன செய்வது என்று சொல்லும் வழிமுறைகளைத்தான் முடிவெடுக்க உதவும் கருவிகள் என்கிறார்கள். இது ஒரு நோட்டுப் புத்தகமாக இருக்கலாம், கைபேசிச் செயலியாக இருக்கலாம், வானத்தில் சுற்றும் செயற்கைக்கோளாகவும் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றே. அளந்து பார், கணக்குப் போடு, பிறகு முடிவு செய். கருவி முடிவு செய்வதில்லை. முடிவு பண்ணைக்காரருடையது; கடன் கொடுத்த வகையில் ஓரளவு நம்முடையதும்தான்.

குளத்தில் இருப்பு எடுப்பது எப்படி

இன்று நம் நாட்டில் பெரும்பாலும் வளர்க்கப்படுவது வனாமி இறால். இதன் சொந்த ஊர் தென், நடு அமெரிக்காவின் பசிபிக் கடற்கரை. 2009-ல் இங்கே வணிக அளவில் வளர்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பு புலி இறால்தான் வளர்த்தார்கள். 1994-ல் வந்த வெள்ளைப்புள்ளி நோய் அந்தத் தொழிலை எப்படிக் கவிழ்த்தது என்பது கடலோர வணிகர்களுக்கு நினைவிருக்கும். அந்த நோய்க்கு இன்றுவரை மருந்து இல்லை. வராமல் பார்த்துக்கொள்வது ஒன்றே வழி.

வனாமி ஒரு போகம் ஏறத்தாழ 100 முதல் 120 நாட்கள். செலவில் பாதிக்கு மேல் தீவனத்துக்கே போய்விடும். ஆகவே தீவனக் கணக்கைப் பிடித்தால் தொழிலைப் பிடித்த மாதிரி. ஒரு உதாரணம் சொல்கிறேன். எண்கள் கணக்குக்காக வைத்துக்கொண்டவை.

ஒரு ஹெக்டேர் குளம், அதாவது 10,000 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 40 குஞ்சு வீதம் 4 லட்சம் குஞ்சு விட்டிருக்கிறார். 60-ஆம் நாள் வீச்சு வலை போட்டுச் சில இடங்களில் பிடித்து எடை பார்க்கிறார். சராசரி ஒரு இறால் 10 கிராம். 80 சதவீதம் பிழைத்திருக்கிறது என்று அவர் நம்புகிறார். 3,20,000 இறால், தலைக்கு 10 கிராம் என்றால் குளத்தில் 3,200 கிலோ இருப்பு. இந்த வயதில் உடல் எடையில் 3.5 சதவீதம் தீவனம் என்று வைத்தால் நாளுக்கு 112 கிலோ போட வேண்டும்.

உண்மையில் பிழைத்தது 60 சதவீதம்தான் என்றால்? இருப்பு 2,400 கிலோ. வேண்டிய தீவனம் 84 கிலோ. நாளுக்கு 28 கிலோ வீணாக அடியில் படிகிறது. 30 நாளில் 840 கிலோ. பணம் போனதோடு முடிவதில்லை. மிஞ்சிய தீவனம் அழுகி அம்மோனியா ஆகி, இருக்கிற இறாலையும் நோயில் தள்ளுகிறது.

இதைக் கண்டுபிடிக்கும் கருவி மிக எளியது. செக் டிரே என்று சொல்லும் வலைத்தட்டு. போடும் தீவனத்தில் சிறு பங்கைத் தட்டில் வைத்து இறக்கி, ஓரிரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்ப்பார்கள். தட்டு காலியானால் தீவனம் போதவில்லை அல்லது சரியாக இருக்கிறது. மிச்சம் இருந்தால் அடுத்த வேளை குறைக்க வேண்டும். இப்படிக் குறைத்துக் குறைத்து 84 கிலோவில் தட்டு காலியாகிறது என்றால், கணக்கைத் திருப்பிப் போடலாம். 84-ஐ 3.5 சதவீதத்தால் வகுத்தால் 2,400 கிலோ. அதைப் 10 கிராமால் வகுத்தால் 2,40,000 இறால். ஒரு தட்டும் ஒரு பென்சிலும் குளத்துக்குள் உள்ள இருப்பைச் சொல்லி விட்டன.

அடுத்த எண் தீவன மாற்று விகிதம். எஃப்.சி.ஆர். என்று பண்ணைக்காரர்கள் சொல்வார்கள். ஒரு கிலோ இறால் வளர எத்தனை கிலோ தீவனம் ஆயிற்று என்பதே அது. 60-ஆம் நாள் வரை 3,000 கிலோ தீவனம் போட்டு இருப்பு 2,400 கிலோ என்றால் விகிதம் 1.25. இது நல்ல எண். போகத்தின் முடிவில் 4,800 கிலோ இறால் வருகிறது என்று வையுங்கள். விகிதம் 1.4 என்றால் தீவனம் 6,720 கிலோ. 1.7 என்றால் 8,160 கிலோ. வித்தியாசம் 1,440 கிலோ. தீவனம் கிலோ 90 ரூபாய் என்று வைத்தால் 1,29,600 ரூபாய். பண்ணைக்காரருக்கு மிஞ்ச வேண்டிய பணம் இது. அவருக்கு மிஞ்சாவிட்டால் நமக்கும் நிலுவைதான்.

சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987 முதல் இயங்கி வருகிறது. வனாமி வளர்ப்போருக்கென்றே கைபேசிச் செயலி ஒன்றை அந்த நிறுவனம் வெளியிட்டுள்ளது. செயலி செய்வதும் மேலே போட்ட கணக்கின் விரிவுதான். கணக்குப் புரிந்தவருக்குச் செயலி கைக்கு உதவி. புரியாதவருக்கு அது வெறும் எண் காட்டும் பெட்டி.

விடியற்காலை அளவு

தீவனத்துக்கு அடுத்தது தண்ணீர். குளத்தில் பகலில் பாசி வெயிலைக் கொண்டு பிராணவாயுவை உண்டாக்கும். இரவில் பாசி, இறால், அடிச்சேறு எல்லாமே அதைச் செலவழிக்கும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் அளவு மிகக் குறைவாக இருக்கும். லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்குக் குறையாமல் இருப்பது நல்லது. 3-க்குக் கீழே போனால் இறால் தவிக்கத் தொடங்கும், தீவனம் எடுக்காது.

மானியைத் தண்ணீரில் விட்டு விடியற்காலை 4, 5 மணிக்கு அளந்து எழுதுகிற பண்ணைக்காரர், எத்தனை ஏரேட்டரை எத்தனை மணி நேரம் ஓட்டுவது என்பதைத் தெரிந்து முடிவு செய்கிறார். காலை 10 மணிக்கு அளப்பவருக்கு எண் எப்போதும் அழகாகவே இருக்கும், பயன் இராது. சில பண்ணைகளில் மானியைக் குளத்திலேயே பொருத்தி, அளவு குறைந்தால் கைபேசிக்கு எச்சரிக்கை வரும்படி செய்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் மானியின் முனையில் பாசி படிந்தால் பொய் சொல்லும். நம் தராசுக்கு முத்திரை வைப்பது போல அதையும் துடைத்துச் சரிபார்த்து வைக்க வேண்டும்.

எப்போது பிடிப்பது

இறாலுக்கு விலை கவுண்ட் கணக்கில். கிலோவுக்கு 50 இறால் நின்றால் 50 கவுண்ட், ஒன்று 20 கிராம். 40 கவுண்ட் என்றால் 25 கிராம். பெரிதானால் கிலோ விலை கூடும். இன்னும் ஒரு வாரம் விடலாமா, இன்றே பிடிக்கலாமா என்பது பண்ணைக்காரரைத் தூங்க விடாத கேள்வி.

முன் சொன்ன குளத்திலேயே பார்ப்போம். 2,40,000 இறால், தலைக்கு 20 கிராம், மொத்தம் 4,800 கிலோ. ஒரு வாரத்தில் 1.5 கிராம் வளர்ந்து 2 சதவீதம் செத்துப் போகிறது என்றால், 2,35,200 இறால், தலைக்கு 21.5 கிராம், ஏறத்தாழ 5,057 கிலோ. கூடுதல் 257 கிலோ. கிலோ 350 ரூபாய் வீதம் 89,950 ரூபாய். அந்த வாரத் தீவனம் உடல் எடையில் 2.5 சதவீதம் வீதம் 840 கிலோ, 75,600 ரூபாய். மிச்சம் 14,350 ரூபாய். இதில் மின்சாரமும் ஆள் கூலியும் போக வேண்டும். எடை கூடுவதை மட்டும் நம்பிக் காத்திருந்தால் லாபம் சொற்பமே.

ஆனால் கவுண்ட் உயர்ந்து கிலோவுக்கு 10 ரூபாய் கூடக் கிடைத்தால், அது மொத்தச் சரக்கு 5,057 கிலோவுக்கும் சேரும். 50,570 ரூபாய். ஆகவே காத்திருப்பதன் பலனை நிர்ணயிப்பது எடையைவிட விலை ஏற்றம்தான். அக்கம்பக்கத்துக் குளத்தில் நோய் என்று கேள்விப்பட்டால் கணக்கே மாறிவிடும். 2 சதவீதச் சாவு 20 சதவீதம் ஆனால் காத்திருந்தவர் முதலையும் விடுவார். நல்ல கருவி இந்த மூன்றையும், அதாவது வளர்ச்சி, விலை, சாவு ஆகியவற்றை மாற்றி மாற்றிப் போட்டு விடையைக் காட்டும்.

கடலில் மீன் இருக்கும் இடம்

ஹைதராபாத்தில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் 1999-ல் தொடங்கப்பட்டது. மீன் கிடைக்க வாய்ப்புள்ள பகுதிகளை இது மீனவர்களுக்கு அறிவிக்கிறது. செயற்கைக்கோள் இரண்டு சங்கதிகளைப் பார்க்கிறது. ஒன்று கடல் மேற்பரப்பின் வெப்பம். மற்றொன்று நீரின் பச்சை நிறம். குளிர்ந்த நீரும் வெப்ப நீரும் சந்திக்கும் விளிம்பில் சத்து மேலே வருகிறது, நுண்பாசி பெருகுகிறது, அதைத் தின்னச் சிறு மீனும், சிறு மீனைத் தின்னப் பெரு மீனும் கூடுகின்றன. இறங்குதளத்திலிருந்து எந்தத் திசையில், எத்தனை தூரத்தில், எத்தனை ஆழத்தில் என்று தமிழ் உள்ளிட்ட மொழிகளில் அறிவிப்பு வருகிறது. தேடி அலையும் நேரமும் டீசலும் மிச்சம்.

வானம் மூடியிருந்தால் செயற்கைக்கோளுக்குக் கடல் சரியாகத் தெரியாது. கடல் கொந்தளிப்பாக இருக்கும் போதும் மீன்பிடித் தடைக்காலத்திலும் அறிவிப்பு வெளியிடப்படுவதில்லை. தவிர, அறிவிப்பு ஓரிரு நாட்களுக்கே செல்லும். பழைய அறிவிப்பை நம்பிப் போவது போன வாரத்து மார்க்கெட் நிலவரத்தைப் பார்த்துக் கொள்முதல் செய்வது போலத்தான்.

மீன் எங்கே என்பதைவிட முக்கியம், போகலாமா வேண்டாமா என்பது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது, கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் பலர் ஏற்கெனவே ஆழ்கடலில் இருந்தனர். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. கரையிலிருந்து சுமார் 10, 12 கிலோ மீட்டருக்கு அப்பால் கைபேசி வேலை செய்யாது. எத்தனையோ குடும்பங்கள் ஆண் துணையை இழந்தன. அதன் பிறகு 2019-ல் ஜெமினி என்ற கையடக்கக் கருவி அறிமுகமாயிற்று. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் புயல் எச்சரிக்கையையும் அலை நிலவரத்தையும் வாங்கித் தரும். அதிலிருந்து கரைக்குப் பேச முடியாது. செய்தி வாங்க மட்டுமே முடியும். அதுவே ஒரு உயிரைத் திருப்பி அனுப்பப் போதும்.

முதலும் வட்டியும்

மீன் இருக்கும் இடம் தெரிந்துவிட்டால் எல்லோரும் அள்ளி விடலாமே, பிறகு என்ன மிஞ்சும் என்ற கேள்வி வரும். கடல் மீனை வங்கியில் போட்ட முதலாக நினையுங்கள். ஆண்டுதோறும் அது குட்டி போடுகிறது. அந்த வட்டியை மட்டும் எடுத்தால் முதல் நிற்கும். முதலில் கை வைத்தால் அடுத்த ஆண்டு வட்டியும் குறையும். எவ்வளவு இருப்பு நின்றால் எவ்வளவு எடுக்கலாம் என்பதை 1954-ல் ஷேஃபர் என்ற அமெரிக்க அறிஞர் கணிதமாக எழுதினார். இன்றுள்ள பல கணிப்பொறிக் கணக்குகளுக்கு அது ஒரு வேர்.

நம் நாட்டில் இந்த இருப்புக் கணக்கை எடுப்பது 1947-ல் தொடங்கி இப்போது கொச்சியில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். கரை நெடுக வரும் மீன் முழுவதையும் எடை போட முடியாது. தேர்ந்தெடுத்த இறங்குதளங்களில், தேர்ந்தெடுத்த நாட்களில், சில படகுகளின் மீனை அளந்து மொத்தத்தை மதிப்பிடுகிறார்கள். மூட்டையைக் குத்திச் சாம்பிள் எடுத்து லோடு முழுவதையும் மதிப்பிடுகிறோமே, அதே முறை. கேரளத்தில் மத்தி 2012-ல் சுமார் 4 லட்சம் டன் கிடைத்தது. 2021-ல் சுமார் 3,300 டன்தான் என்பதெல்லாம் இந்தக் கணக்கிலிருந்து தெரிந்தவையே. பிறகு மீண்டும் கூடிற்று. ஒரே இனம் இப்படி ஏறி இறங்கினால் கருவாடு, மீன்தூள் வியாபாரம் என்ன பாடுபடும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

தொலைவில் உள்ள கடலும் நம் கடையைத் தொடும். தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் நெத்திலி உலக மீன்தூளுக்கு ஆதாரம். 1970-ல் அங்கே 1.2 கோடி டன் பிடித்தார்கள். அளவு மீறிய பிடிப்பும், கடல் நீர் சூடேறும் எல் நினோவும் சேர்ந்து, 1973-ல் அது 20 லட்சம் டன்னுக்குள் சுருங்கிற்று. மீன்தூள் இல்லாமல் கால்நடைத் தீவனக்காரர்கள் சோயாவுக்கு ஓடினர். மற்றக் காரணங்களும் சேர்ந்துகொள்ள சோயா விலை எகிறி, 1973 ஜூனில் அமெரிக்கா சோயா ஏற்றுமதியையே சில காலம் தடுத்தது.

இன்று அந்த நாட்டில் பருவம் தொடங்கும் முன் ஆய்வுக் கப்பல் கடலுக்குள் ஒலியை அனுப்பி, மீன் கூட்டத்தில் பட்டுத் திரும்பும் எதிரொலியை அளந்து இருப்பை மதிப்பிடுகிறது. அதை வைத்து எவ்வளவு பிடிக்கலாம் என்று அரசு அறிவித்து, படகுக்கு இவ்வளவு என்று பங்கு பிரிக்கிறது. 12 சென்டிமீட்டருக்குக் குறைந்த குஞ்சு மீன் அதிகம் என்று தெரிந்தால் பிடிப்பை நிறுத்துகிறது. 2023-ல் முதல் பருவம் முழுவதையுமே அப்படி ரத்து செய்தார்கள். தீவனம் விற்கும் நம் உறுப்பினர்கள் இந்த அறிவிப்பைக் கவனித்து வந்தால், மீன்தூள் விலை எந்தப் பக்கம் போகும் என்று முன்கூட்டி ஊகிக்கலாம்.

கருவி தவறும் இடம்

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கடலில் காட் என்ற மீன் நூற்றாண்டுகளாகக் கிடைத்து வந்தது. அங்கும் அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். இழுவைப் படகுகள் வலை வீசும் நேரத்துக்கு எவ்வளவு மீன் கிடைக்கிறது என்பதை இருப்புக்கு அடையாளமாக வைத்தார்கள். அந்த எண் நன்றாகவே இருந்தது. ஆனால் காரணம் வேறு. மீன் குறைந்தபோது மிஞ்சியவை சில இடங்களில் கூடி நின்றன. படகுகளோ நல்ல கருவிகளோடு நேராக அங்கேயே போயின. கடைசிக் கூட்டத்தை அள்ளும் வரை கணக்கு நலம் என்றே காட்டியது. 1992 ஜூலை 2-ஆம் தேதி அரசு பிடிப்பையே நிறுத்தியது. ஏறத்தாழ 30,000 பேர் வேலை இழந்தார்கள். 32 ஆண்டு கழித்து 2024-ல்தான் சிறு அளவில் மீண்டும் வணிகப் பிடிப்புக்கு வழி திறந்தார்கள்.

கல்லாவில் தினமும் பணம் விழுகிறது என்பதால் கடை நன்றாக நடக்கிறது என்று ஆகாது. சரக்கை விற்று முதலைத் தின்றுகொண்டிருந்தாலும் கல்லா நிறையத்தான் செய்யும். வரவை மட்டும் பார்க்காமல் இருப்பையும் தனியே எடுத்துப் பார்க்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பண்ணைக்காரருக்குத் தீவனக் கடன் கொடுப்பவர்கள் மூட்டைக் கணக்கோடு நிற்காமல் பின்வரும் விவரங்களைக் கேட்டு எழுதி வையுங்கள்.

1. கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தின் பதிவு இருக்கிறதா? 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆணையம் இது. வனாமிக்குச் சதுர மீட்டருக்கு 60 குஞ்சுக்கு மேல் விடக்கூடாது என்பது விதி. பதிவில்லாத பண்ணைக்குக் கொடுத்த கடன் எந்த நாளும் சிக்கலில் மாட்டலாம்.

2. குஞ்சு எங்கே வாங்கியது, பி.சி.ஆர். பரிசோதனை செய்ததா, எத்தனை விட்டது?

3. கடைசியாக எடை பார்த்த நாளில் சராசரி எத்தனை கிராம்? அதுவரை போட்ட தீவனம் எவ்வளவு?

4. வலைத்தட்டில் மிச்சம் இருக்கிறதா? விடியற்காலை பிராணவாயு அளவு என்ன?

கேட்ட உடன் நோட்டை எடுத்துக் காட்டுகிறவரிடம் நம் பணம் ஓரளவு பத்திரம். தீவனம் திடீரென்று குறைவாக வாங்கினாலும் விசாரியுங்கள். அவர் வேறு கடைக்குப் போயிருக்கலாம். இறால் தீவனம் எடுக்காமலும் இருக்கலாம். இரண்டாவது என்றால் கடிந்து பேசுவதில் பயனில்லை. விவரம் தெரிந்தவரை அழைத்துப் போங்கள். பிடித்து விற்கச் சொல்ல வேண்டிய நேரமாகவும் இருக்கக்கூடும்.

ஒன்று கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். நோய் தீரும் என்று சொல்லிப் பெயர் எழுதாத குப்பிகளைத் தீவனத்தோடு வைத்து விற்காதீர்கள். தடை செய்த எதிர்உயிரி மருந்தின் மிச்சம் இறாலில் இருந்தால் வெளிநாட்டுத் துறைமுகத்தில் சரக்கு திருப்பப்படும். சேதம் ஊர் முழுவதுக்கும் சேரும்.

படகுக் குடும்பங்களுக்குப் பற்று வைப்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. தமிழ்நாட்டின் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் தடை. மேற்குக் கரைப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இது மீன் குஞ்சு பொரிக்க விடும் காலம், அதாவது வட்டி சேரும் காலம். அந்த நாட்களில் வருமானம் இல்லை என்பது முன்பே தெரிந்த செய்தி. ஆகவே மார்ச் மாதத்திலேயே அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து பழைய நிலுவை எவ்வளவு, இரண்டு மாதத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய் எவ்வளவு வேண்டும், தடை முடிந்து எத்தனை தவணையில் தருவார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். கேட்காமல் கொடுத்துப் பிறகு முகம் சுளிப்பதைவிட, பேசி எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் மரியாதை.